சாம்பல் போட்டுக் கழுவிய துடுப்பு

1. முதல் நாள்

நெல்லைப் பாழாக்குகிறார்கள் என்றுதான் முதல் நாள் நினைத்தேன்.

மலாய் நாடே மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்த காலம். ஜப்பான்காரன் வந்த பிறகு அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். காஜா பெராங்கில் ஒரு பழைய சோடா பாக்டரி இருந்தது. அதன் முதலாளி சண்டை நேரத்தில் ஓடிப்போய்விட்டார். அங்கே கழுவுகிற வேலைக்கு ஆள் வேண்டும் என்று சொன்னதால் போனேன். பின் கொட்டகையில் காலை வைக்கிறேன், தரை முழுக்க நெல். நனைத்து, பரப்பி, முளைவிட வைத்திருக்கிறார்கள்.

ஒரு வெள்ளைக்காரக் கிழவர், அங்கியைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, மரப்பலகையால் அந்த நெல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார். கழுத்தில் சிலுவை தொங்கியது.

"இதெல்லாம் எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"பீர் காய்ச்ச," என்றார். ரப்பர் தோட்டத்துக் கூலிகள் பேசுகிற நல்ல தமிழ்.

சாமியாரா பீர் காய்ச்சுகிறார்? அவர் பேர் பெரியது, யாருக்கும் வாயில் நுழையாது. பிரதர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஜெர்மன்காரர். ரொம்ப வருஷம் தோட்டத்து மாதா கோவில்களில் தச்சு வேலையும் சமையலும் பார்த்தவர், அதனால்தான் தமிழ். சண்டை வந்ததும் இங்கிலீஷ்காரன் அவரைப் பிடித்து அடைத்தான். ஜப்பான்காரன் வந்து, ஜெர்மன்காரன் நம்ம கூட்டாளி என்று திறந்துவிட்டான். திறந்தவன் சும்மா விடவில்லை. அவர் முன்பு பீர் காய்ச்சிய ஆள் என்று தெரிந்ததும் இந்தக் கொட்டகையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான்.

2. கைப்பட்டை

என் வேலை பீப்பாய், தொட்டி, பாட்டில் கழுவுவது. என் கூட ஒரு செட்டி வீட்டு அம்மாள். காஜா பெராங் செட்டிமார் பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தங்கியவர்கள், நம் சாமியைத்தான் கும்பிடுவார்கள், பேச்சு மட்டும் மலாய். அவளைப் பிபி என்போம். நான் கழுவிய பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதுல நான் பவுடர் போட்டுக்கலாம் போல இருக்கே," என்று அரைகுறைத் தமிழில் கிண்டல் செய்வாள். பொய்யில்லை. என் கை பட்ட பாத்திரத்தில் முகம் பார்க்கலாம். படிப்பில்லாதவளுக்கு அதுதான் பெருமை. அந்தப் பெருமைதான் பிறகு என்னைக் கவிழ்த்தது.

என் வீட்டுக்காரர் வேலுவும் அங்கேதான். தோட்டத்தில் கள் இறக்கியவர். கொட்டகையில் விறகு போடுவார், பீப்பாய் உருட்டுவார். "சாமி காய்ச்சினா பீரு, நாம எறக்கினா கள்ளு. அவ்வளவுதான் புள்ள வித்தியாசம்," என்பார்.

கூலிக்காக மட்டும் நாங்கள் அங்கே கிடக்கவில்லை. கொட்டகை ஆண்களுக்கு ஒரு கைப்பட்டை கொடுத்திருந்தார்கள். வெள்ளைத் துணியில் சிவப்புச் சீல். அந்தப் பட்டை கையில் இருந்தால் லாரிக்காரன் தொடமாட்டான். சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள் என்று தமிழாட்களைத் தெருவில் பிடித்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தெங்கேராவில் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் பாசார் சந்தைக்குக் கருவாடு வாங்கப் போனார், கருவாட்டுப் பை மட்டும்தான் வீடு வந்தது. மாதா மாதம் சீல் புதிதாகப் போடவேண்டும். பீர் நின்றால் சீல் நின்றுபோகும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

3. தாய்

பிரதரிடம் ஒரு மரத்துடுப்பு இருந்தது. கப்பலில் அவர் ஊரிலிருந்து கூடவே வந்தது. கறுத்து, கீறல் விழுந்து, கீறலுக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ அப்பிக் காய்ந்திருக்கும். கூரை விட்டத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார். பக்கத்தில் ஒரு மண்ஜாடி. ஒவ்வொரு தடவை பீர் எடுத்ததும் அடியில் தங்கும் மண்டியை அதில் ஊற்றி வைப்பார். அதைத் தாய் என்பார்.

முளைநெல்லைக் காயவைத்து, இடித்து, வெந்நீரில் ஊறவைத்து, இனிப்புத் தண்ணியை வடித்து, கசப்புக்கு நிலவேம்பு போட்டுக் காய்ச்சுவோம். ஆறிய பிறகு அவரே வந்து துடுப்பால் கிளறி, ஜாடி மண்டியை ஊற்றுவார். மறுநாள் நுரை கட்டும்.

ஒரு நாள் விறகடுப்பு முன்னால் உட்கார்ந்து அவர் மடத்துக் கதையைச் சொன்னார். மலைக்காட்டில் இருக்கும் மடமாம். நோன்பு நாளில் சாமியார்கள் சோறு தொடக்கூடாது, பீர் குடிக்கலாம். அதுதான் அவர்களுக்குக் கஞ்சி. வாசலில் வருகிற வழிப்போக்கனுக்கும் ஒரு குவளை உண்டு. மடம் ரெண்டு தரம் தீப்பிடித்து எரிந்ததாம். ஒரு தடவை அரசாங்கமே சாமியார்களை வெளியே துரத்திவிட்டு மடத்தைப் பூட்டியதாம். ஒரு தலைமுறை கழித்துத்தான் திரும்ப விட்டார்களாம்.

"அப்ப இந்தத் தாய்க்கு எத்தனை வயசு பிரதர்?"

"மடத்துக்கு எத்தனையோ அத்தனை. நூறு நூறா எண்ணணும். ஒரு காய்ச்சல் மண்டிலேருந்து அடுத்த காய்ச்சல். அப்படியே வந்துச்சு."

விட்டத்தைப் பார்த்தேன். எனக்கு என்னவோ அது அழுக்குத் துடுப்பாகத்தான் தெரிந்தது. வாயைத் திறந்து சொல்லவில்லை. அவரும், அதைத் தொடாதே என்று வாயைத் திறந்து சொல்லவில்லை.

4. போகி

ஜப்பான்காரன் வந்த பிறகு ரெண்டாவது பொங்கல். இன்னும் பத்து நாளில் பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார், விருந்துக்கு இருநூறு பாட்டில் வேண்டும் என்று உத்தரவு. அந்த நேரம் பார்த்து பிரதருக்குக் குளிர்காய்ச்சல். பிபி போகிக்கு லீவு. செட்டிமார் அன்றைக்கு முன்னோருக்குப் படையல் போடுவார்கள், அதை விட்டு எங்கும் நகரமாட்டார்கள். என் வீட்டுக்காரர் விறகுக்குக் கிளேபாங் போயிருந்தார். கொட்டகையில் நான் மட்டும்.

கணக்கு எழுதுகிற கிராணி எட்டிப் பார்த்தார். "யம்மா, சீல் போடுற அதிகாரி எந்நேரமும் வருவான். கொட்டகை பளிச்சுன்னு இருக்கணும், ஆமா."

போகியன்று கிடந்த அழுக்கைக் கழித்துச் சுத்தம் செய்யாத கையா இது? வீட்டில் கழிக்க ஒன்றும் மிச்சமில்லை, எல்லாம் விற்றுத் தின்றாகிவிட்டது. அந்தக் கை அரிப்பை இங்கே தீர்த்துக்கொண்டேன். தரை கழுவினேன். பீப்பாய் கழுவினேன். அண்ணாந்து பார்த்தேன். துடுப்பை இறக்கினேன். அடுப்புச் சாம்பல் போட்டு, தேங்காய் நார் வைத்து, கீறலுக்குள் ஈர்க்குச்சி விட்டுக் குடைந்து தேய்த்தேன். கொதிக்கிற வெந்நீரை மூன்று தரம் ஊற்றினேன். வெயிலில் வைத்தேன். ஜாடியைத் திறந்தேன், புளித்த நாற்றம். அடுத்த பீர் எடுத்தால் புது மண்டி வரும்தானே என்று சாக்கடையில் கொட்டி, ஜாடியையும் சாம்பல் போட்டுக் கழுவிக் கவிழ்த்தேன்.

துடுப்பு புது மரம் மாதிரி வெளுத்துவிட்டது. மறுபடி விட்டத்தில் கட்டிவிட்டு, நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதை ரசித்தேன். இப்போது நினைத்தாலும் அந்த ரசிப்புத்தான் என்னைச் சுடுகிறது.

5. கள்மண்டி

பொங்கலன்று பிரதர் எழுந்து வந்தார். எல்லோரும் சேர்ந்து நெல்தண்ணியைக் காய்ச்சினோம். சாயங்காலம் ஆறியது. அவர் விட்டத்துக்குக் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது.

துடுப்பை இறக்கினார். முகர்ந்தார். நாக்கால் தொட்டுப் பார்த்தார். ஜாடிக்குள் விரலை விட்டுத் தடவினார்.

"யார் கழுவினது?"

"நான்தான் பிரதர்," என்றேன். நன்றாய் இருக்கிறது என்று சொல்லப்போகிறார் என்றே அந்த நொடி வரை நினைத்தேன்.

பிபிதான் முதலில் கத்தினாள். "அலாமாக்! லு பாசோ செமுவா?" எல்லாத்தையுமா கழுவினாய் என்று கேட்டுவிட்டு மார்பில் அடித்துக்கொண்டாள். பிரதர் கத்தவில்லை. ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். துடுப்புக் கீறலில் காய்ந்து கப்பலேறி வந்ததும் அந்தத் தாய்தான்; ஒரு மடத்தின் நூறு நூறு வருஷத்தை ஒரு பிடி சாம்பலில் கொன்றுவிட்டேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்து என் வீட்டுக்காரர் கையில் கட்டியிருந்த வெள்ளைப் பட்டையைப் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "ஏன் பிரதர், கள்ளு மண்டி ஊத்துனா என்ன?"

"வேலு, இது பீர்."

"இருக்கட்டுமே. அது ஆப்ப மாவப் பொங்க வைக்குது. இது வெறும் நெல்லுத் தண்ணி. இத பொங்க வைக்காதா?"

"மடத்துல அப்படிச் செய்ய மாட்டாங்க."

"மடத்துல சயாமுக்கு லாரி ஓடுமா பிரதர்?"

பிரதர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுந்து நின்று, "போய் எடுத்துட்டு வா," என்றார்.

கிளேபாங் தென்னந்தோப்பில் என் வீட்டுக்காரருக்குத் தெரிந்த மரமேறி இருந்தான். பானை அடியில் தங்கிய வெள்ளை மண்டி ஒரு செம்பு நிறைய வந்தது. பிரதர் கண்ணை மூடி ஏதோ சொல்லிவிட்டு ஊற்றினார். ஒரு நாள் ஒன்றுமில்லை. நான் தொட்டி அருகிலேயே கிடந்தேன். ரெண்டாம் நாள் காலையில் மூடி தானாக ஆடியது. நுரை வழிந்து தரையில் ஓடியது.

6. அறை

மூன்றாம் நாள் சீல் போடுகிற அதிகாரி வந்தான். சின்ன உருவம், பூட்ஸ் சத்தம் மட்டும் பெரிது. தொட்டிமேல் குனிந்து மூச்சை இழுத்தான். அவன் குடும்பம் அவர்கள் நாட்டில் அரிசிச் சாராயம் வடிக்கிற குடும்பம் என்று கிராணி பிறகு சொன்னார். அவன் மூக்கை ஏமாற்ற முடியவில்லை.

"லாயின்," என்றான். வேறு மாதிரி இருக்கிறது என்று மலாயில். யார் மாற்றினது என்று கேட்டுக் கத்தினான்.

பிரதர் வாயைத் திறக்குமுன் நான் முன்னால் வந்துவிட்டேன். திருட்டுத்தனம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. "பழசை நான்தான் கழுவிக் கொட்டினேன், சொல்லுங்க கிராணி," என்றேன். கிராணி அதை மலாயில் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டேன்.

அறை விழுந்த சத்தம் கேட்டது. என் கன்னத்தில் இல்லை. கண்ணைத் திறந்தால், பிரதர் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், மூக்கில் ரத்தம். இன்னும் ஒரு அறை. அவனுக்கு அப்பன் வயசு இருக்கும் பிரதருக்கு. செய்தவள் இங்கே நிற்கிறேன், அடி அங்கே விழுகிறது. என்ன நியாயம் இது?

அதிகாரி என்னைக் காட்டி ஏதோ குரைத்தான். கிராணி மெதுவாகத் தமிழில் சொன்னார்: "கழுவுறது இவ வேலை, இவ கழுவினா. எதைக் கழுவக் கூடாதுன்னு சொல்லாதவன் மேலதான் தப்பு. அப்படீங்கறான்."

பிறகு அவன் ஒரு குவளை மொண்டு குடித்தான். குவளையை வைத்துவிட்டு இன்னொன்று மொண்டான். அதையும் குடித்தான். இருநூறு பாட்டில் என்று மறுபடி சொல்லிவிட்டு, அங்கேயே சீல் பெட்டியைத் திறந்து ஆண்களை வரிசையில் நிற்கச் சொன்னான். என் வீட்டுக்காரர் கையை நீட்டினார். சிவப்புச் சீல் விழுந்தது.

அவன் போன பிறகு பிரதர் மூக்கில் ஈரத்துணி வைத்துவிட்டேன். "எனக்கு விழவேண்டியது பிரதர்," என்று அழுதேன்.

"அவன் பொல்லாதவன். ஆனா சொன்னது சரி. நான் உங்கிட்ட சொல்லல," என்றார். துணியை எடுத்துவிட்டு, "உங்கிட்ட இன்னொண்ணும் சொல்லல அஞ்சலை. வெளிய துரத்தப்பட்ட சாமியாருங்க மடத்துக்குத் திரும்பி வந்தப்ப தொட்டியெல்லாம் காஞ்சு கெடந்துச்சு. தாய் செத்துப்போச்சு. பக்கத்துக் கிராமத்துல ரொட்டி சுடுற ஒரு பொம்பள, மாவுச்சட்டி மண்டியக் கொடுத்தா. அதுல ஆரம்பிச்சதுதான் இது. மடத்துப் புஸ்தகத்துல ஒரே வரி இருக்கு. அவ பேரு இல்ல. சாமியாருங்களுக்கு வெக்கம், வெளிய சொல்லமாட்டோம்."

நான் அதிர்ந்துபோய்ப் பார்த்தேன். "அப்ப நூறு நூறு வருஷம்னு சொன்னது?"

"பெருமைக்குச் சொன்னது," என்று சிரிக்கப் பார்த்தார். உதடு வீங்கியிருந்ததால் முடியவில்லை.

அவர் ஒரு நோட்டு வைத்திருந்தார். அதில் அன்றைக்கு ஏதோ எழுதினார். "என்ன எழுதுறீங்க?" என்றேன். "உன் பேரு, வேலு பேரு. கள்ளு மண்டி கொண்டுவந்தாங்கன்னு."

"கழுவிக் கொட்டினது நான்தான்னு அதையும் எழுதுங்க பிரதர். பாதி எழுதினா அது பொய்யி."

எழுதினார்.

மறு வாரம் காஜா பெராங் முச்சந்தியில் லாரி வந்து நின்றது. எங்கள் வரிசை வீடுகளில் ஐந்து ஆண்களை ஏற்றினார்கள். என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான் ஒரு சிப்பாய். சீலைப் பார்த்தான். விட்டான். அந்த ஐந்து பேரில் ஒருவரும் திரும்பி வரவில்லை. அவர்கள் வீட்டுப் பெண்களின் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு எத்தனையோ வருஷம் ஆயிற்று.

சண்டை முடிந்து பிரதர் கப்பல் ஏறிப் போய்விட்டார். நான் அதே சோடா பாக்டரியில் கழுவுகிறவளாக இருந்து, ஆட்களை மேற்பார்க்கிற மண்டோர் ஆனேன். எனக்குக் கீழே எத்தனையோ பெண்கள் வேலை செய்தார்கள். முதல் நாள் வருகிறவளுக்கு எப்படிக் கழுவுவது என்று நான் சொன்னதில்லை. அது அவளுக்கே தெரியும். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், எதைத் தொடக்கூடாது, ஏன் தொடக்கூடாது என்று ஒவ்வொன்றாய்க் காட்டுவேன். சொல்லாமல் விட்டு அவள் கெடுத்தால், மேனேஜர் முன்னால் நான் போய் நிற்பேன்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவன் நல்லவன் இல்லை. அடி வாங்கியவர் நல்லவர்.