தேங்காய் துருவிய மெஷின்

தேயிலைக் கொழுந்து உருட்ட வந்திருக்கும் புது மெஷினின் எண்ணெய் வாடை மூக்கில் ஏறியதும், ஹந்தானைத் தோட்டத்தில் இப்போது தடமே இல்லாத எங்கள் கோப்பிக் கொட்டகை நினைவுக்கு வந்தது. கோப்பிப் பழத்தைக் காலால் மிதித்துத் தோல் உரித்த பெண்களின் சிரமம் தீர, தண்ணீர்ச் சக்கரத்தில் கடகடவென்று சுழலும் செம்பு உருளை ஒன்று அங்கே வந்திறங்கியது. உருளை முழுக்கப் பல். மாரியம்மன் திருவிழாவுக்கு லயத்து வீடுகளின் தேங்காய் அத்தனையையும் அம்மா அதில்தான் துருவினாள். பிள்ளைகள் நாங்கள் கீழே வாயைத் திறந்துகொண்டு நின்றோம். மறுநாள் கோப்பிக் கொட்டையோடு தேங்காய்ப்பூவும் கொட்டியது.

"என்ன இது?" என்று தொரை கத்தினார்.

"மெஷினுக்குப் பால் சுரக்குதுங்க தொரை" என்றார் கங்காணி, சிரிக்காமல்.

இன்று அம்மா புது மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"பல்லே இல்ல. தேங்கா துருவத் தெரியாத மெஷினு எதுக்கு?"