குடிக்காதவனுக்குக் கட்டிய கயிறு

முதல் கவளத்தோடு ஒன்று, நடுவில் ஒன்று. கல்யாணப் பந்தியானாலும் கருமாதிச் சோறானாலும் கொளஞ்சியப்பன் சட்டைப் பையிலிருந்து மாத்திரை எடுத்து விழுங்குவார். சுகர் மாத்திரையா என்று யாராவது கேட்டால் போச்சு, பாடம் ஆரம்பமாகிவிடும்.

“சுகர் வேறங்க. இது செரிக்கறதுக்கு. கணையத்துல ஊறுற நீரு குடலுக்குப் போயிதான் வேலய ஆரம்பிக்கணும். எங்க வம்சத்துல அதுவரிக்கும் அதை அடக்கி வெக்கிற பூட்டு பொறப்புலியே சொத்த. உள்ளயே பொங்கி, கணையத்தையே தின்னுகினு கெடக்குது.” பக்கத்து இலைக்காரர் பாயசத்தை மறந்து தன் வயிற்றைத் தடவிப் பார்ப்பார்.

கல்வராயன் மலையடிவாரத்தில் மூன்று ஏக்கர் மரவள்ளி. நாற்பத்தொன்பது வயது, வேட்டி இடுப்பில் நிற்காத ஒல்லி. வடையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருமுறை மோப்பம் பிடித்துவிட்டுத்தான் திருப்புவார். டீயைத் தவிர வேறெதையும் குடித்ததில்லை. தம்பி இளஞ்செழியனும் அப்படித்தான். அதை அண்ணன் நம்பவில்லை.

தம்பிக்கு முப்பது வயதில் வயிற்றுவலி வந்தது. கணைய வீக்கம் என்றார்கள். எங்கள் பக்கத்தில் கணையம் கெட்டதென்றால் சாராயம் என்றுதான் அர்த்தம். “குடிப்பாரா?” என்று கேட்ட டாக்டரிடம் “திருட்டுத்தனமா குடிக்கிறான் சார்” என்று சொன்னவர் இவர்தான். அதோடு விட்டாரா? குடியை நிறுத்தச் சத்தியம் வாங்கிக் கயிறு கட்டும் முனீஸ்வரன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனார். “தொட்டதே இல்லண்ணா, இன்னாத்த வுடச் சொல்ற?” என்றானாம் தம்பி. ஆனாலும் அண்ணன் சொல்லைத் தட்டாமல் கையை நீட்டியிருக்கிறான்.

கயிறு ஏறிய பிறகு வலி என்று சொன்னால், சத்தியத்தை மீறிக் குடித்தான் என்றாகிவிடும். பாவி, யாரிடமும் சொல்லாமல் கிடந்தான். எட்டே மாதத்தில் போய்விட்டான். “வாய்ல துணிய வெச்சிக் கடிச்சிக்கினு இருந்தான்னு சந்தியா சொன்னப்பதான்…” என்று ஆரம்பிப்பார். ஒருநாளும் முடித்ததில்லை. பக்கத்து வீட்டிலிருக்கும் எனக்குப் பாவமாக இருக்கும், அதைவிடக் கோபமாக வரும்.

நான்கு வருஷம் கழித்து அதே வலி இவரையும் பிடித்தது. தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்து, பரம்பரைக் கோளாறு என்றார்கள். அன்றிலிருந்து மாதம் ஒருமுறை தம்பி மனைவி சந்தியாவின் வாசலில் நிற்பார். “புள்ளைக்கு ஒரு தடவ டெஸ்ட் எடுத்துடும்மா.” கதவு திறக்காது.

போன மாதம் அந்தப் பிள்ளை இலக்கியா, பதினாறு வயசு, பள்ளிக்கூடத்திலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். சந்தியா போன் போட்டது இவருக்குத்தான். என் காரில் போனோம். சந்தியா நீட்டிய இளஞ்செழியனின் பழைய சீட்டைப் புது டாக்டர் படித்தார். “அப்பாவுக்குக் குடியால வந்தது. அப்ப பொண்ணுக்கு அதுவா இருக்காது. அல்சருக்கு மாத்திரை தரேன்.”

கொளஞ்சியப்பன் எழுந்துவிட்டார். “அது நான் சொன்ன பொய்ங்க! எந்தம்பி ஒரு சொட்டு குடிச்சதில்ல. அவனுக்கும் இதே நோவுதாங்க. புள்ளைய நல்லா பாருங்க.”

இலக்கியா நிமிர்ந்து பெரியப்பாவைப் பார்த்தாள். சந்தியா பார்க்கவில்லை.

டாக்டர் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். எல்லோரும் கிளம்பியும் இவர் நகரவில்லை. இங்கிலீஷ் தெரியாது, ‘குடியால’ என்று சொன்னபோது டாக்டரின் கண் சீட்டில் எந்த இடத்தில் நின்றது என்று பார்த்து வைத்திருக்கிறார். பழைய சீட்டை அவர் பக்கம் தள்ளி, அந்த ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். டாக்டர் அதை அடித்துவிடப் பேனாவைத் திறக்கும்வரை விரலை எடுக்கவில்லை.