இரும்பில் ஊற்றிய முகவரி

போன மாதம் வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ மோட்டார் ரூம் பக்கம் போனேன். ஈர இரும்பும் கிரீசும் கலந்த வாடை வந்தது. அந்த வாடைக்கு என் கால் தானாக நின்றுவிடும். உள்ளே ஒரு பழைய மோட்டார். மேலே பாசி. கட்டைவிரலால் தேய்த்தேன். எங்கள் கம்பெனிப் பேர் வந்தது. அப்புறம் ஒரு புள்ளி. அப்புறம் காம்.

நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவன். எழுதுகிற ஆள் இல்லை. ஆனால் அந்த இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாக ஆணி வைத்து அடித்தது என் கை. அதனால் சொல்கிறேன்.

சிங்காநல்லூரில் ஒரு பவுண்டரியில் நான் இரும்பு ஊற்ற மண் மோல்டு போட்டுக்கொண்டிருந்தேன். என் கூட்டாளி சென்னியப்பன் அங்கேயே இரும்பு கடைகிற லேத்தில் நின்றான். கருமண் வாடை சட்டையிலிருந்து போகாது, சோப்பு எவ்வளவு போட்டாலும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் ஒருத்தர் என் பக்கத்திலிருந்து நகர்ந்து உட்கார்ந்தார். அது வேறு கதை. பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சின்ன ஷெட் எடுத்தோம். கிணற்று மோட்டார் செய்தோம். அவன் மாப்ள என்பான், நானும் மாப்ள என்பேன். சொந்தம் ஒன்றும் கிடையாது.

புதிதாக எதைக் கண்டாலும் அவனுக்கு அது வேண்டும். ஒரு நாள் ஆர்.எஸ்.புரத்தில் ஏசி போட்ட ஆபீஸ் ஒன்றுக்குப் போய்விட்டு வந்தான். இன்டர்நெட்டில் கம்பெனிப் பேரைப் பதிந்தாயிற்று என்றான்.

"இனி அமெரிக்காவுல இருந்துகூட நம்ம மோட்டாரப் பாக்கலாம் மாப்ள."

"அமெரிக்காவுல கெணறு இருக்குதா?" என்று கேட்டேன். அவன் அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

இன்டர்நெட்டில் எங்களுக்கு ஒரே ஒரு பக்கம்தான். மேலே மோட்டார் படம். கீழே ஷெட்டுக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் நிற்கிற போட்டோ. சென்னியப்பன் இஸ்திரி போட்ட சட்டை. நான் கை கழுவாமல் வந்து நின்றதால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருப்பேன். வாத்தியார் மாதிரி இருக்கிறாய் என்று சிரிப்பான்.

அந்த முகவரியை மோட்டாரில் போட வேண்டும் என்றான். ஸ்டிக்கர் ஒட்டினோம். ஒரு மழைக்கு நிற்கவில்லை. தகடு வைத்தோம், திருகோடு கழன்று கிணற்றுக்குள் விழுந்தது. "இரும்புலயே ஊத்திப்போடலாம் மாப்ள" என்றான். வார்ப்புக்கு மரத்தில் ஒரு மாதிரி செய்வார்கள், அதைப் பேட்டர்ன் என்போம். அந்த மரத்தில் ஈய எழுத்துகளை அடித்துவிட்டால் மண்ணில் பதியும். இரும்பு ஊற்றினால் எழுத்து எழும்பி நிற்கும். அடித்தேன்.

எல்லா எழுத்தும் நன்றாக வந்தது. புள்ளி மட்டும் சண்டித்தனம் செய்தது. மிளகளவுதான் இருக்கும். சில மோட்டார் பாடியில் மண் இடிந்து, புள்ளி இல்லாமல் மொழுக்கென்று வரும். பவுண்டரியிலிருந்து லோடு வந்ததும் ஒவ்வொரு பாடியிலும் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பேன். இல்லாததைத் தனியாக எடுத்து வைப்பேன். சென்னியப்பன் அதில் துளை போட்டுப் பித்தளை ரிவிட் அடிப்பான். இதற்குப் போய் இவ்வளவு வேலையா என்று கேட்டால், "புள்ளி இல்லாட்டிக் கதவு தெறக்காது மாப்ள" என்பான்.

எங்கள் தப்பு இதில்தான். பேரை வாங்கிவிட்டோம் என்று நான் நினைத்திருந்தேன், பத்திரம் பதிந்த காடு கழனி மாதிரி. அது வருசா வருசம் புதுப்பிக்க வேண்டிய சங்கதி என்று அவனுக்குத் தெரியும். எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் காதில் வாங்கியிருக்க மாட்டேன். வாடகை வீட்டின் முகவரியை இரும்பில் ஊற்றுகிற ஆட்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

போன வருசம் ஆடியில் சென்னியப்பன் நெஞ்சு வலிக்குது என்று உட்கார்ந்தான். எழவில்லை. பேரைப் புதுப்பிக்கச் சொல்லி அவன் மெயிலுக்கு வந்ததை யார் பார்த்தார்கள்? அவன் சம்சாரம் போனுக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிட்டார். அது அவர் குற்றம் இல்லை.

பிறகு ஒரு நாள் காங்கேயத்துக்காரர் ஒருவர் ஷெட்டுக்கு வந்தார். தண்ணீர் கசியாமல் தடுக்கிற சீல் தேய்ந்துபோய்விட்டதாம். மோட்டாரில் இருக்கிற முகவரியைப் போனில் போட்டால் ஒன்றும் வரவில்லையாம், விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனை கிணற்றில் அந்த எழுத்து கிடக்கிறது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கோகிலா என்று ஒரு அம்மணி கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறது. மறுநாள் அங்கே போனேன். ஜிஎஸ்டி பேப்பர், கூட்டுப் பத்திரம், எல்லாம் எடுத்துக்கொண்டேன். சாட்சிக்கு மோட்டார் பாடி ஒன்றையும் மொபெட்டில் வைத்துக் கட்டிக்கொண்டு போனேன். மேசை மேல் தூக்கி வைத்தேன்.

"இதென்னங்கண்ணா?"

"பேரு எங்களுதுதான் அம்மணி. இரும்புலயே இருக்குது பாரு."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. எழுத்தைத் தடவிப் பார்த்தது. அப்புறம் நிதானமாகச் சொன்னது. பேருக்குக் கெடு முடிந்துவிட்டது. ஆனாலும் பழைய ஆளுக்காகக் கொஞ்ச நாள் பிடித்து வைத்திருப்பார்கள். சென்னியப்பன் நம்பருக்கு ஓடிபி வரும், அதைச் சொன்னால் மீட்டுவிடலாம்.

அந்த நம்பர் எனக்கு மனப்பாடம். அவன் போன பிறகு நான் அடித்ததில்லை. அடித்தேன். ஒரு பொம்பளை எடுத்தார். பின்னால் ஆடு கத்தியது. ரீசார்ஜ் செய்யாததால் நம்பரைப் போன் கம்பெனிக்காரன் அவருக்குக் கொடுத்துவிட்டான். விசயத்தைச் சொன்னேன்.

"ஏனுங்க, ஓடிபி ஆரு கேட்டாலும் குடுக்காதீங்கன்னு டிவியில சொல்றாங்கல்ல. நீங்க மரியாதையாத்தான் பேசறீங்க. இருந்தாலும் குடுக்க மாட்டேனுங்க."

நியாயம்தான். சரிங்க என்றேன். அவர் போனை வைக்கவில்லை.

"சென்னியப்பன் இருக்காருங்களான்னு நெறயப் பேரு கூப்படறாங்க. அவரு எங்கீங்க போயிட்டாரு?"

சொன்னேன். கத்திய ஆட்டை ஒரு அதட்டு அதட்டிவிட்டு மறுபடி பேசினார்.

"அப்படிங்களா. பாவமுங்க." அப்புறம், "ஆனா ஓடிபி மட்டும் கேக்காதீங்க" என்று வைத்துவிட்டார்.

இனி பேரை அவிழ்த்து விடுகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும், விட்டதும் முந்துகிறவருக்குத்தான் என்றது கோகிலா. தினமும் காலையில் போவேன். "இன்னும் பேர உடலீங்கண்ணா" என்று சொல்லும். டீ குடித்துவிட்டு ஷெட்டுக்குப் போவேன். இரண்டு மாதத்துக்கு மேல் இப்படிப் போனது. ஒரு நாள் அந்தப் பெண் தலையைத் தூக்கவில்லை.

"போயிருச்சுங்கண்ணா. உட்ட நிமிசமே ஆரோ எடுத்துட்டாங்க. இதுக்குன்னே மெசின் வெச்சுருக்கறாங்க."

யார் என்று கேட்டேன். பேர் தெரியாது, ஊர் தெரியாது. காமுக்குப் பதிலாகக் கடைசியில் இன் என்று போட்டு வேறு வாங்கித் தரட்டுங்களா என்றது. கிணற்றுக்குள் இருக்கிற இரும்பில் யார் போய் இன் போடுவது? வேண்டாம் அம்மணி என்றேன். மூலையில் கிடந்த பாடியைத் தூக்கி மொபெட்டில் கட்டினேன். வரும்போது இருந்ததைவிடக் கனமாக இருந்தது.

போன மாதம் வெள்ளகோவிலில் பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது தோட்டத்துக்காரர் வந்தார்.

"இது உங்க மோட்டாருங்களா? மருமவ ஒருநா இதைப் போனுல அடிச்சுப் பாத்துச்சு. சீட்டு வெளையாட வாங்கன்னு கூப்பட்டுதாமுங்க."

நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் எழுத்தைக் குனிந்து பார்த்தார்.

"உளி வெச்சுத் தட்டி எடுத்தறலாமுங்களா?"

"வார்ப்பு இரும்புங்க. உளி பட்டா பாடியே வெடிச்சுப்போகும். கெடக்கட்டும் உடுங்க."

அவர் சுவிட்சைப் போட்டார். தண்ணீர் ஏறியது. கை கழுவினேன்.

நாங்கள் வேலை பார்த்த சிங்காநல்லூர்ப் பவுண்டரி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். நாங்கள் நின்ற போட்டோ அந்த இன்டர்நெட் பக்கத்தோடு போய்விட்டது, வேறு பிரதி என்னிடம் இல்லை. பேட்டர்னிலிருந்து ஈய எழுத்துகளை நானே பெயர்த்து எடுத்துவிட்டேன். ஆணித் துளைகளை மெழுகு வைத்து அடைத்தேன். இப்போது வருகிற பாடியில் அந்த இடம் மொழுக்கென்று இருக்கிறது. லோடு இறங்கினால் என் கட்டைவிரல் இன்னமும் அங்கே போய்ப் புள்ளியைத் தேடுகிறது.