ஒன்பதே கால் மணிக்கு நான் இருந்த இடம்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைவதை ஒட்டி அண்ணி வெளியிடும் இந்த மலரில், அவருடைய வாழ்க்கையை எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் வந்தது, தகுதியால் வந்ததில்லை. இதைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களும் நண்பர்களும் தயவுசெய்து கடைசிவரை படிக்க வேண்டும். பாதியில் மூடி வைத்தால் அண்ணனைப் பற்றி இதுவரை நம்பிக்கொண்டிருந்ததையே இனியும் நம்புவீர்கள்.

அண்ணன் பிறந்தது ஸ்ரீரங்கத்தில், மேலூர் சாலையில் ஒரு வாடகை வீட்டில். அப்பாவுக்குப் பொன்மலையில் ரயில்வே வேலை. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா போய்விட்டார். அண்ணன் படிப்பை முடிக்கும் வருடம் அப்பாவும் மாரடைப்பில் போனார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. தாயாகவும் தந்தையாகவும் இருந்தார் என்று இம்மாதிரி மலர்களில் எழுதுவது வழக்கம். என் விஷயத்தில் அது அப்படியே உண்மை. என் சட்டைக்குப் பட்டன் தைத்தவர் அவர். கணக்கில் தோற்றுவிட்டு மதிப்பெண்ணைத் திருத்திக் காட்டியபோது இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தவரும் அவரே. தோற்றதற்காகக் கோபமில்லை என்று மூன்றாம் நாள் சொன்னார்.

அண்ணன் விமானப் பராமரிப்புப் படித்து, சில வருடங்கள் விமானங்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஹேங்கரில் வேலை பார்த்து, பிறகு மத்திய அரசின் விமானப் பாதுகாப்பு ஆய்வாளர் ஆனார். அலுவலகம் சென்னையில், குடும்பம் காட்டூரில். வாரக் கடைசியில் பஸ்ஸில் வந்து போவார். நீங்கள் விமானம் ஓட்டுகிறவரா என்று கேட்பவர்களுக்குச் சலிக்காமல் விளக்குவார். விமானத்தைப் பழுதுபார்க்கிறவர்கள் சரியாகப் பார்த்தார்களா, பார்த்ததாக எழுதியிருப்பது உண்மைதானா என்று போய்ப் பார்ப்பது அவர் வேலை. வீட்டிலும் அந்தப் புத்தி போகாது. கேஸ் டியூபை மோந்து பார்ப்பார், பஸ் ஏறுமுன் டயரைக் குனிந்து பார்ப்பார். கல்யாண வீடுகளில் சீரியல் பல்பு ஒயரைத் தூக்கிப் பார்க்கும்போது, இன்ஸ்பெக்டர் வந்துட்டாரு, பந்தலைப் பிடிச்சுக்கோங்க என்று மாமாக்கள் கிண்டல் செய்வார்கள். அவரும் சிரிப்பார், ஆனால் ஒயரைக் கையிலிருந்து விடமாட்டார்.

அதே படிப்பில் என்னையும் சேர்த்துவிட்டார். நான் லைசென்ஸ் வாங்கி உள்ளூரிலேயே ஒரு சிறிய விமான நிறுவனத்தில் பொறியாளராகச் சேர்ந்தேன். அதன் பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. நான் சேர்ந்த வாரமே, தம்பி வேலை பார்க்கும் இடத்துக்குத் தன்னை ஆய்வுக்கு அனுப்ப வேண்டாம் என்று அண்ணன் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

இனி வருவதை எழுதத்தான் ஒரு மாதமாக உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துபோனேன்.

விமானத்தின் வால் பகுதியை அசைக்கும் கேபிளைக் கழற்றி மாட்டினால், இரண்டு பேர் தனித்தனியாகச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். கேபிளின் இணைப்பு தளர்ந்துவிடாமல் இருக்க ஒரு மெல்லிய லாக் வயரைச் சுற்றிக் கட்டியிருப்போம். ஒருவர் கண்ணுக்குத் தப்பினாலும் மற்றவர் கண்ணில் படும் என்பதற்காக இரண்டு கையெழுத்து. அப்படி ஒரு கேபிள் மாற்றிய நாள், எங்கள் அப்பாவின் திதி. காலை எட்டு மணியிலிருந்து பத்தரை வரை அண்ணனும் நானும் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் புரோகிதர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். மதியம் நான் ஹேங்கருக்குப் போனபோது விமானம் பயணிகளோடு கிளம்பிவிட்டிருந்தது. கூட வேலை பார்ப்பவர், செய்த வேலையைப் பதிந்து கையெழுத்திடும் ஜாப் கார்டை நீட்டினார். தான் பார்த்துவிட்டதாகவும், விமானம் கிளம்புவதற்கு முந்தைய நேரமாக ஒன்றைப் போட்டுக் கையெழுத்திடும்படியும் சொன்னார். கெட்டிக்காரர், பல வருடப் பழக்கம். அவரைச் சந்தேகப்படுவது மரியாதையாக இருக்காது என்று தோன்றியது. ஒன்பதே கால் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பத்து நாள் கழித்து வேறொரு அரசு ஆய்வாளர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பேனலைத் திறந்தார். லாக் வயர் இல்லை. அத்தனை நாளும் அந்த விமானம் ஆட்களை ஏற்றிக்கொண்டு பறந்திருக்கிறது. வயரைக் கட்டியிருந்ததாக நாங்கள் இருவரும் சாதித்தோம். அப்படியானால் இடையில் கிரீஸ் போடுவதற்காகத் திறந்தவர்தான் கழற்றியிருக்க வேண்டும் என்று ஆயிற்று. அவர் மெக்கானிக் செல்வராசு, மண்ணச்சநல்லூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். பழியை அவர் தலையில் கட்டினோம். நிறுவனம் அவரை வேலையைவிட்டு நிறுத்தியது. அவர் என்னிடம் வந்து, சார், நான் தொடலைன்னு உங்களுக்குத் தெரியும்ல என்று கேட்டார். எனக்கு வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டேன்.

அந்தக் கோப்பு அண்ணன் மேஜைக்கு வரவில்லை. ஆய்வு செய்தவர் சாப்பாட்டு நேரத்தில் பேசும்போது தேதியும் நேரமும் அண்ணன் காதில் விழுந்தன. அவற்றில் இருந்த பொய்யைக் கண்டுபிடிக்க அந்த அலுவலகத்தில் அவர் ஒருவரால்தான் முடியும். அந்தச் சனிக்கிழமை என் வீட்டுக்கு வந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"ஒன்பதே காலுக்கு நீ எங்க இருந்தே?" என்றார்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"நீயே போய்ச் சொல்லிடு. அந்த மனுஷனுக்கு வேலை திரும்பக் கிடைக்கும். திங்கட்கிழமை வரைக்கும் பார்க்கிறேன். இல்லைன்னா நான் எழுதிக் கொடுத்தாகணும்."

"தம்பின்னு பார்க்க மாட்டீங்களாண்ணே?"

"பார்க்கிறதாலதான் வீட்டுக்கு வந்திருக்கேன்."

நான் போகவில்லை. பெற்ற பிள்ளையைப் போல வளர்த்தவர், எழுதமாட்டார் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை எழுதிக் கொடுத்தார். விசாரணையில் அதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். அன்று காலை எட்டு முதல் பத்தரை வரை என் தம்பி எங்கள் தந்தையின் திதிக்காக அம்மா மண்டபத்தில் என் அருகில் அமர்ந்திருந்தார் என்று இருந்தது. கீழே அவர் கையெழுத்து, தேதி, நேரம். வயரைப் பார்த்ததாக நாங்கள் சாதித்தது அதோடு உடைந்தது. செல்வராசு வேலைக்குத் திரும்பினார். என் லைசென்ஸை இரண்டு வருடம் நிறுத்தி வைத்தார்கள்.

அதன் பிறகு உங்களில் பலருக்கு நான் போன் செய்தேன். பதவி உயர்வுக்காகக் கூடப் பிறந்தவனையே காட்டிக்கொடுத்துவிட்டார் என்றேன். நான் வயரைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன், நேரம் எழுதுவதில்தான் தவறிவிட்டது என்றேன். நான் எதையும் பார்க்கவில்லை. பதவி உயர்வும் அவருக்கு வரவில்லை. நீங்கள் என்னை நம்பினீர்கள், என் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டீர்கள்.

அடுத்த ஆண்டு அண்ணன் மகளுக்குக் காட்டூரில் கல்யாணம். நான் வேண்டுமென்றே மருங்காபுரியில் மாமனார் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். நம் பக்கத்து உறவில் வந்தவர்கள் ஒரு வேனுக்குக்கூடக் காணாது. முகூர்த்தம் முடிந்த பிறகும் அண்ணன் மண்டபத்து வாசலிலேயே நின்று, வருகிற ஒவ்வொரு ஆட்டோவையும் பார்த்துக்கொண்டிருந்தாராம். மீந்த சாப்பாட்டை ஒரு விடுதிக்கு அனுப்பியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதாவிட்டால் இந்தக் கட்டுரையும் பொய்க் கையெழுத்தாகிவிடும்.

தன் பக்கத்து நியாயத்தை அண்ணன் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதென்றால் தம்பி பொய்யன் என்று சொல்ல வேண்டும். அதை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தவர், சொந்தக்காரர்களிடம் கடைசிவரை வாய் திறக்கவில்லை.

ஓய்வு பெற்ற சில மாதங்களில் அவருடைய சிறுநீரகங்கள் பழுதாயின. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோதுதான் நான் போனேன். உடம்பு பாதியாக இருந்தது. என்னைப் பார்த்ததும், லைசென்ஸ் திரும்ப வந்துடுச்சாமே என்று கேட்டார். வந்துடுச்சுண்ணே என்றேன். நல்லது என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். மன்னிப்புக் கேட்க நான்கு வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் வந்து சொன்னார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வெளியே வந்துவிட்டேன். மறுநாள் அவருக்கு நினைவில்லை. அதற்கடுத்த நாள் காலையில் போய்விட்டார்.

அண்ணனுக்கு உதவியவர்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றியைச் சொல்ல வேண்டும். டயாலிசிஸுக்கு அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டவர் மண்ணச்சநல்லூர் செல்வராசு. நான் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டரை வருடம் அவர் இருந்தார். அந்தக் கல்யாணத்துக்கு வந்த சிலருக்கும், வராதவர்களின் இலைகளுக்கு முன்னால் அக்கம்பக்கத்தாரை அழைத்து வந்து உட்கார வைத்த காட்டூர்த் தெருக்காரர்களுக்கும் நன்றி. வராதவர்கள் வருத்தப்பட வேண்டாம், அது என் வேலை. அண்ணி காட்டூரில் தனியாக இருக்கிறார். முடிந்தால் ஒரு நாள் போய் வாருங்கள்.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அண்ணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். எதையும் மாற்றச் சொல்லவில்லை. தாள்களை அடுக்கி என் கையில் கொடுத்துவிட்டு, "அவங்க இருக்கும்போது எழுதியிருக்கலாமே, தம்பி" என்றார்.

— தம்பி