பாசிக்கு மூன்று நிமிடம்

அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில் மகள் வீட்டோடு வந்துவிட்ட பிறகு, நான் தவறாமல் போகும் இடம் பக்கத்து ஊர் நகர்மன்றக் கூட்டம். செயலகத்தில் கோப்பு தள்ளி ஓய்வுபெற்றவனுக்கு அது கச்சேரி மாதிரி. யார் வேண்டுமானாலும் மூன்று நிமிடம் பேசலாம். கிரீன் கார்டு இருக்கிறதா என்றுகூடக் கேட்பதில்லை.

அன்று விவாதத்துக்கு இரண்டு பொருள்கள். முதலாவது, முகத்துவாரத்துக்கு வந்துபோகும் ஸ்டர்ஜன் என்ற கடல்மீன். அருகி வரும் இனம் என்பதால், தூண்டிலில் தவறிச் சிக்கினாலும் தண்ணீரைவிட்டுத் தூக்காமல் அப்படியே விட்டுவிட வேண்டுமாம். எங்கள் துறையில் அமைச்சரின் மைத்துனருக்குத்தான் இந்தப் பாதுகாப்பு. இரண்டாவது, நடைபாதையை அகலப்படுத்த உடைக்கவிருந்த ஒரு பாறை. அதன் நிழல்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பாசி. அதுவும் அருகி வருவதுதான். கண்டுபிடித்தவள் என் மகள்.

மீனுக்காகப் பேச, மீன் படம் போட்ட பனியனோடு ஒரு வரிசையே நின்றது. பாசிக்கு இவள் ஒருத்தி.

"அப்பா, நீங்களும் பேசுங்க. ரெண்டு பேராவது வேணும்."

"பாசிக்கு வக்காலத்தா?" என்றாள் மனைவி. "ஊர்ல ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சே என் இடுப்பு போச்சு."

அவள் பேசி முடித்ததும், வணக்கம், பொருள் எண், வேண்டுகோள் என்று நானும் முறைப்படி பேசினேன். மீனுக்குக் கண் இருக்கிறது, பார்த்தால் இரக்கம் வருகிறது. இதற்கு முகமே இல்லை. பிடிபட்ட மீனைத் திரும்ப விடலாம். பாறை உடைந்தால் இதை எங்கே விடுவது? நல்ல வாதம்தான். ஆனால் எங்கள் பள்ளிப் பாடத்தில் ஆல்கே என்றால் பாசி. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசியதில், மூன்று நிமிடமும் ஆல்கேயைக் காப்பாற்றச் சொல்லியிருக்கிறேன். விரிகுடாவில் ஆல்கே பெருகித்தான் மீன்கள் சாகின்றன என்று சற்றுமுன்தான் ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பனியன்காரர்கள் முறைத்தார்கள்.

"மாஸ்ப்பா, மாஸ்!" என்று மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள். பாறையில் படரும் பாசிக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயராம்; ஆல்கே என்பது தண்ணீரில் பெருகும் பாசியாம்.

குழம்பிப்போன மன்றத் தலைவர், எது எது என்று விளக்கச் சொல்லி மகளை மறுபடி அழைத்தார். தலைவர் கேள்விக்குப் பதில் சொல்ல நேரக் கட்டுப்பாடு கிடையாது. அவள் விரிவாகவே சொன்னாள். பாறையை நேரில் பார்த்த பிறகு முடிவு செய்யலாம் என்று ஒத்திவைத்தார்கள்.

"ஜெயிக்கலையேப்பா" என்றாள் காரில்.

ஒத்திவைத்த கோப்புகள் எவ்வளவு காலம் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் அலுவலகத்தில் சிலவற்றின் மேல் பாசியே பிடித்திருந்தது.