ராவுலின் சுவரில் குகதாசன் அண்ணை

சுவிட்சர்லாந்தின் நொஷாட்டல் நகரில் ஓர் உணவகத்தில் நாங்கள் மூவர் கோப்பை கழுவினோம். குகதாசன் அண்ணை யாழ்ப்பாணத்தில் விளம்பரப் பலகை எழுதியவர். மினிபஸ்ஸோ கடையோ, மூலையில் 'குகன் ஆர்ட்ஸ்' என்று போடாமல் தூரிகையைக் கழுவமாட்டார். அந்தப் பெயரில் ஊரிலிருந்த அவருடைய கடையை அப்போது தம்பி நடத்தினான். இரண்டாவது ஆள் நான். மூன்றாவது, சிலி நாட்டு அகதி ராவுல்.

1985 வைகாசியில், சிலியின் இராணுவ ஆட்சிக்கு எதிராகப் படம் வரைய ராவுலின் கூட்டத்துக்கு ரயில் ஸ்டேஷனடியில் ஒரு மதில் கிடைத்தது. அண்ணைக்கு வயிறு எரியத் தொடங்கியது.

"உதென்னடா கை? அஞ்சு விரலும் வாழைச்சீப்பு மாதிரி. நான் உப்பிடிக் கீறினா மினிபஸ்காரன் அடிக்க வருவான்," என்றார், மதிலில் வரைந்திருந்த கையைக் காட்டி.

மதிலடியில் ஒரு வெள்ளைக்காரி நெஞ்சில் கைவைத்து, "ஓ... மன்யிஃபீக்!" என்று பிரெஞ்சில் மெச்சி உருகினார். அதை அவர் குரலிலேயே சமையலறையில் செய்துகாட்டினேன். அண்ணையிடமிருந்து அகப்பை பறந்து வந்தது.

"எங்கட ஊரிலயும் ஆமிதானே நிக்குது? எங்களுக்கு ஆர் சுவர் தந்தவை?"

"கேட்டனீங்களோ அண்ணை?"

"வாயைப் பொத்து."

அவர்கள் வேலைசெய்யும் முறை இது: ஒருவர் வரைவார், பலர் நிறம் தீட்டுவார்கள், கை நடுங்காதவர் கடைசியில் எல்லாவற்றையும் சுற்றிக் கறுப்புக் கோடு இழுப்பார். அந்தக் கோட்டுக்காரர் ஹோட்டல் வேலைக்கு எங்கடின் என்ற மலைப்பக்கம் போய்விட்டார். கோடு இழுக்க வரச்சொல்லி அண்ணையிடம் ராவுல் கேட்டான்.

"நான் ஏன் அவனுக்கு?" என்று சொல்லும்போதே அண்ணை ஏப்ரனைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு முழுக்கக் கோடு இழுத்தார். முடித்த கையோடு மூலையில் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் எழுதினார்: குகன் ஆர்ட்ஸ், யாழ்ப்பாணம்.

ராவுல் ஓடிவந்து பிரெஞ்சில் பதறினான். அவனுடைய கரகரத்த குரலிலேயே நான் தமிழில் சொன்னேன்: "பெயர் வேண்டாம் குகா. நாங்கள் ஒருத்தரும் போடுறேல்லை. சிலியில ஒரு சுவரில இருந்த பெயரை வாசிச்சுத்தான் ஆமி என்ர கூட்டாளி வீட்டை போனது."

"உனக்குப் பெயர் தேவையில்லை," என்றார் அண்ணை. "போடாட்டியும் எல்லாரும் ராவுலின்ர சுவர் எண்டுதான் சொல்லுகினம். எனக்கு என்ன இருக்கு?"

 அதற்குள் பத்திரிகைப் படப்பிடிப்பாளர் வந்துவிட்டார். அண்ணை என் கையைப் பிடித்தார்.

"உந்தப் பேப்பர் யாழ்ப்பாணம் போகுமோடா?"

"ஆரும் அனுப்பினாப் போகும்."

"அங்க கடை போர்ட்டிலயும் இதே பெயர். கீழ தம்பி இருக்கிறான்."

தூரிகையை எடுத்துத் தானே அழித்தார். ஒரு பூச்சில் மறையவில்லை. இரண்டாம் பூச்சுக்குக் குனிந்திருந்தபோது படம் எடுத்துவிட்டார்கள். நடுவில் ராவுல், பல்லெல்லாம் தெரிய. அண்ணை படத்திலேயே இல்லை. 

ஆனால் எந்தத் தமிழர் வந்திறங்கினாலும் முதலில் மதிலடிக்குத்தான் கூட்டிப்போவார்.

"படத்தை விடும். கறுப்புக் கோட்டைப் பாரும். எங்கையும் நடுங்கியிருக்கோ? அது ராவுலின்ர கை இல்லை."

"அப்ப ஆற்ர கை அண்ணை?"

"சொல்லக்கூடாது," என்பார், சொல்லிவிட்ட முகத்தோடு.