மொட்டை மாடியில் மூன்று நாள்

என் ஓரகத்திக்கு மாதம் தவறாது. காலையில் அத்தை அடுப்படி வாசலில் வந்து நின்று, "மூத்தவ தூரம். நீ பாத்துக்க" என்பார். அதற்குள், நான் அக்கா என்று கூப்பிடும் ஓரகத்தி பாய், தலையணை, தனித் தட்டோடு மொட்டை மாடிக்குப் போயிருப்பார். மூன்று நாளைக்கு எங்கள் ராஜபாளையம் வீட்டுச் சமையல் முழுக்க என் தலையில்.

படித்த எனக்கு இந்த வழக்கத்தில் துளியும் நம்பிக்கை இல்லை. கல்யாணமான புதிதில் அக்காவுக்காகக் கணவரிடம் சண்டைகூடப் போட்டேன். அப்புறம் மகள் பிறந்தாள். அவள் பால்குடி மறந்த பிறகும் எனக்கு மாதவிலக்கு ஒழுங்காக வரவில்லை. மாதக்கணக்கில் தள்ளிப்போகும். எனக்கு மட்டும் அடுப்பிலிருந்து விடுமுறையே இல்லை என்றானபோது, அக்காவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு படியேறுகையில் வயிறு எரிந்தது. தண்ணீர்த்தொட்டி நிழலில் தலையும் வெயிலில் காலுமாகப் படுத்திருப்பார்.

"என்ன கொழம்புட்டி?"

"சாம்பார்க்கா."

"இன்னைக்காவது புளியக் கொறச்சியா?"

சோறு, புளி எல்லாம் போகட்டும். எனக்குள்ளே எதுவோ கெட்டுவிட்டதோ என்ற பயம்தான் பெரிது. அக்காவின் உடம்பு சொன்ன நாளில் சொன்னபடி நடக்கிறதே, என் உடம்பு ஏன் கேட்க மாட்டேன் என்கிறது?

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள்.

"பயப்பட ஒண்ணுமில்லம்மா. வைட்டமின் டி தான் ரொம்பக் கம்மி. வெயில்ல நிக்கிறதே இல்லையா?"

இந்த ஊரில் வெயிலுக்கா பஞ்சம்? ஆனால் எனக்கு வேலை வீட்டுக்குள், கணினி முன்னால். மிச்ச நேரம் அடுப்படி.

"அதனாலதான் தள்ளிப் போகுதா டாக்டர்?"

"அது மட்டும்தான்னு சொல்ல முடியாது. மொதல்ல இதச் சரிபண்ணிப் பாப்போம்."

வாரம் ஒரு பொட்டலம் பொடி, பாலில் கலந்து குடிக்க வேண்டும். தினமும் கொஞ்சம் வெயில். திரும்பி வரும் பேருந்தில் மகள் மடியில் தூங்க, நான் அக்காவின் பாயையே நினைத்துக்கொண்டு வந்தேன். நான் அடுப்பில் வேக, எனக்கான வெயிலையும் சேர்த்து அவரல்லவா வாங்கிக்கொள்கிறார்!

மறுநாளிலிருந்து மதியம் மாடியில் போய் உட்கார்ந்தேன். கறுத்துப்போவாய் என்றார் அத்தை. துணி எடுக்க வந்த அக்கா, "வத்தல்னு நெனச்சுக் காக்கா கொத்திரப் போவுதுட்டி" என்று சிரித்தார்.

சில மாதம் கழித்து ஒரு காலையில் வந்தது. பொடியா, வெயிலா, தானாகவா, தெரியவில்லை. "அத்தை, நான் தூரம்" என்று சொல்லும்போது வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. கரண்டியை வாங்கிக்கொண்டே அக்கா, "போ, மகாராணி" என்றார்.

பாயை விரித்துப் படுத்தேன். மதியம் கீழிருந்து மகளின் குரல் கேட்டது. "பெரியம்மா, இன்னும் ஒரு வாய்!"

என்னிடம் ஒரு வாய் இட்லிக்கு வீடெல்லாம் ஓடவைக்கிற பிள்ளை. பாதிப் படி இறங்கிவிட்டேன்.

"அங்கயே நில்லு, பிள்ளையத் தொட்டுறாத" என்றார் அத்தை.

நம்பிக்கை இல்லாத நான் அப்படியே நின்றேன். அக்காவின் இடுப்பிலிருந்து மகள் எனக்கு டாட்டா காட்டினாள். கை நிறையப் பருப்புச்சோறு உருட்டிக்கொண்டே அக்கா சொன்னார்: "நீ போய் வெயில்ல கெட. இவ என்கிட்டதான இருக்கா?"

மேலே வந்து படுத்தேன். வெயில் முழுக்க என்மேல்தான் விழுந்தது. இன்னும் இரண்டு நாள் எப்போது கழியும் என்றிருந்தது.